நான்காம் அத்தியாயம்: பஸ் ஸ்டாண்டில் நிற்கும் உரிமை

பிரம்மதேசத்தில் பஸ் ஏறி மரக்காணம் சாலை வழியாகத் திண்டிவனம் வந்து, அங்கே விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ வண்டி மாறுகிற பெண்ணுக்கு ஒரு நாளில் பல தடவை எழும் கேள்வி: எங்கே நிற்பது? கல்லூரிக்குப் போகிறவள், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாமியாருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள், உப்பளத்துக்கு விடியும் முன் கிளம்புகிறவள், எல்லோருக்கும் இந்தக் கணக்கு உண்டு. டீக்கடை ஓரம் வேண்டாம், டாஸ்மாக் போகிற சந்து முனை வேண்டாம், விளக்கு எரியாத தூண் பக்கம் வேண்டாம். கடைசியில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவின் கூடைப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அங்கே ஒரு பல்பு எரிகிறது, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பாள்.

இப்படி ஒதுங்கி ஒதுங்கி நின்றும் தொந்தரவு நடந்துவிட்டால், இடம் மாறுவதும் அவள்தான். முதலில் சீட்டை மாற்றுகிறாள். பிறகு பஸ்ஸை, பிறகு நேரத்தை. சில வீடுகளில் கல்லூரியே நின்றுபோகிறது. கை வைத்தவன் மட்டும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் தினமும் போய்வருகிறான். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் வழிகள் எல்லாம் அவனை நகர்த்துவதற்கானவை.

பஸ்ஸுக்குள்

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று அரசு பெயர் வைத்திருக்கிறது. அதற்கு முன் வீட்டில் கை நீட்டிப் பஸ் காசு கேட்க வேண்டியிருந்த பெண்கள் இன்று கேட்காமல் கிளம்புகிறார்கள். இது பெரிய விஷயம். கூட்டமும் கூடியிருக்கிறது, கூட்டத்தை மறைவாக்கிக் கை நீட்டுகிறவனும் அதே வண்டியில்தான் வருகிறான். சில வண்டிகளில் ‘ஓசி டிக்கெட்’ என்று பெண்களைக் குத்திப் பேசுவதும் நடக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கூசிப்போகும் பெண், பக்கத்தில் ஒருவன் இடிக்கும்போது வாய் திறக்கத் தயங்குவாள். தயங்க வேண்டாம். கட்டணமில்லாப் பயணச்சீட்டும் பயணச்சீட்டுதான். காசு கொடுத்தவருக்குள்ள எல்லா உரிமையும் உங்களுக்கும் உண்டு.

அந்தச் சீட்டை இறங்கியதும் கசக்கிப் போடாதீர்கள். கருவியில் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டில் தேதியும் நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் அந்த வண்டியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அது கையில் இருக்கும் சாட்சி. வண்டி எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் கோட்டத்து அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் டிஎன் 32 என்று தொடங்கும். திண்டிவனத்தில் பதிவான தனியார் வண்டிகள் டிஎன் 16. கடைசி நான்கு இலக்கம் நினைவில் நின்றாலே போதும்.

யாராவது இடித்தால், உரசினால், முதல் தடவையிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். சத்தம் என்றால் திட்டு இல்லை. திட்டினால் பேச்சு திட்டைப் பற்றி ஆகிவிடும்: “பொம்பளப் புள்ள என்னா வார்த்தை பேசுது பாரு” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நடந்ததை அப்படியே சொல்வதுதான் வேலை செய்கிறது: “நீலச் சட்டை, என் இடுப்பிலேர்ந்து கைய எடு.” சட்டையின் நிறத்தைச் சொன்னதும் வண்டியில் உள்ள எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் “கூட்டம்மா, நா என்னா பண்றது” என்பான். அதற்குப் பதில் சொல்லாமல் கண்டக்டரைக் கூப்பிடுங்கள்.

கண்டக்டர் நல்லவராக இருந்தால் உதவுவார் என்ற நிலையில் சட்டம் இதை விடவில்லை. பெண்களுக்கு எதிரான தொந்தரவைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1998இல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, தெருவில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அட்டகாசத்தால் கீழே விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அந்தக் கொந்தளிப்பில் முதலில் அவசரச் சட்டமாக வந்தது, பிறகு சட்டமானது. வண்டியில் ஒரு பெண் புகார் சொன்னால், அந்த வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டியது டிரைவர், கண்டக்டரின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் இன்னும் விவரமாகப் பேசுகிறது: முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, படம் எடுப்பது என எதைச் செய்தாலும் அந்த ஆணைக் கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஏற்றி இறக்கிவிடும் சாக்கில் பெண்களைத் தொடும் கண்டக்டருக்கும் அதே விதிகளில் தடை இருக்கிறது.

ஆகவே கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. “அண்ணா, இந்த ஆள் கை வைக்கிறான். எறக்கி விடுங்க, இல்லன்னா வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க. சட்டம் இருக்கு.” இவ்வளவு போதும். பெரும்பாலும் வண்டி ஸ்டேஷன் போக வேண்டிய நிலை வராது. ஸ்டேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் அடுத்த நிறுத்தத்தில் அவனே இறங்கிவிடுவான். “நீ முன்னால வந்து நின்னுக்கோம்மா” என்று கண்டக்டர் உங்களையே நகரச் சொன்னால், அந்த நேரத்துக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். ஆனால் புகாரில் அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

பஸ் ஸ்டாண்டில்

உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பு நம் மாநிலத்துப் பஸ் ஸ்டாண்டு ஒன்றில் தொடங்கியது. 1999 ஜூலையில் ஓர் இரவு, சுமார் 11 மணிக்கு, தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவனோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் குடிபோதையில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் அத்துமீறினார். குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்தவர் அவர். துறை விசாரணை நடந்து வேலை போயிற்று. குற்ற வழக்கில் அந்தத் தம்பதி பிறழ் சாட்சியானதால் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் பணிநீக்கமே சரி என்றது. கூடவே நாட்டுக்கே பொருந்தும் உத்தரவுகளையும் போட்டது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், தியேட்டர், கடற்கரை, கோயில் என எல்லா இடங்களிலும் சாதாரண உடையில் பெண் போலீஸ் இருக்க வேண்டும். கேமரா வைக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். புகார் வந்தும் வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் பர்மிட்டை ரத்து செய்யலாம்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது அந்தத் தம்பதி சாட்சிக் கூண்டில் பின்வாங்கியதுதான். யார் வந்து பேசினார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று தீர்ப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் இரவு 11 மணிக்கு நின்று புகார் கொடுத்த இரண்டு பேரைப் பிறகு வாயடைக்க வைத்தது எது என்பது கிராமத்தில் வாழ்கிற எவருக்கும் புரியும். அதைப் பற்றி இந்த அத்தியாயத்தின் பின்பகுதியில் பேசுகிறேன்.

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அந்த உத்தரவுகளில் எவை நடைமுறையில் இருக்கின்றன என்று ஒரு மாலைப் பொழுதில் சுற்றிப் பாருங்கள். கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, பெண்கள் காத்திருக்கும் மூலை அதில் விழுகிறதா, புறக்காவல் நிலையத்தில் ஆள் இருக்கிறாரா, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. இல்லாதவற்றை எழுதி நகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில் பத்துப் பேர் கையெழுத்தோடு போகும் மனுவுக்குத் தனி ஆள் மனுவைவிட மதிப்பு அதிகம்.

நிற்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூக்காரம்மா பக்கம் நிற்பது நல்ல யோசனைதான். ஆனால் காலம் முழுக்க அங்கேயே ஒண்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பஸ் வர அரை மணி நேரம் இருந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடியுங்கள். தனியாகத் தயக்கமாக இருந்தால் இரண்டு, மூன்று பேராகப் போங்கள். ‘நாம் ஏன் வெட்டியாகச் சுற்றக்கூடாது?’ என்று மும்பைப் பெண்கள் மூவர் 2011இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் அவர்கள். வேலை என்று ஒரு காரணத்தைக் காட்டித்தான் பெண் வெளியே நிற்க முடிகிறது, சும்மா நிற்க முடிவதில்லை என்பது அவர்களின் வாதம். திண்டிவனத்துக்கும் அது அப்படியே பொருந்தும். டீக்கடையில் பெண்கள் உட்காருவது சாதாரணமான ஊரில் விளக்குக்கும் பூக்கூடைக்கும் பக்கத்தில் இடம் தேட வேண்டியிருக்காது.

பின்தொடர்கிறவன்

நிறுத்தத்தில் இறங்கி ஊருக்குள் நடக்கும் தூரம்தான் பலருக்குப் பயம். பைக்கில் ஒருவன் தினமும் அதே நேரத்தில் வந்து வேகத்தைக் குறைத்துக் கூடவே வருகிறான், நம்பர் கேட்கிறான், ஹாரன் அடிக்கிறான். தொடவில்லையே, இதற்கு என்ன செய்ய முடியும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விருப்பம் இல்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை. போனிலும் சமூக ஊடகத்திலும் துரத்துவதும் இதில் அடங்கும்.

‘திரும்பத் திரும்ப’ என்பதைக் காட்டத்தான் ஆதாரம் வேண்டும். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், இடம், வண்டி எண், அவன் சொன்னது, கூட இருந்தவர் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி வையுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். அருவருப்பாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பி வையுங்கள். கடை வாசல் கேமராவில் அவன் விழுந்திருக்கலாம் என்று தோன்றினால் அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லுங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லை என்றால் வழக்கு போக்சோ சட்டத்தில் போகும். பள்ளி மாணவி என்றால் 1098க்கும் சொல்லலாம். அவளிடம் வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோதான் கேட்க வேண்டும்.

அவசரத்துக்கு 112. பேச, ஆலோசனை கேட்க 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். செயலியை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பதிவு செய்து வைக்க வேண்டும்; பயந்து ஓடும்போது ஓடிபி தேடிக்கொண்டிருக்க முடியாது.

புகார் எழுதுவது

புகார் மனுவில் அழகான தமிழ் வேண்டாம். “என்னிடம் தவறாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் அது எதுவாகவும் இருக்கலாம். வெட்கத்தைச் சற்றுத் தள்ளிவைத்து நடந்ததை எழுதுங்கள். இப்படி:

“நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 12ஆம் தேதி மாலை 5.40 மணிக்குத் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். வண்டி எண் இது. பின்பக்கப் படிக்கு அருகில் நின்றேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, சுமார் 35 வயது, இடது கையில் கயிறு கட்டிய ஆண் என் இடுப்பில் கை வைத்தார். கையை எடுக்கும்படி சத்தமாகச் சொன்னேன். மறுபடி வைத்தார். பக்கத்தில் நின்ற என் தோழி பார்த்தாள். கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என்னை முன்னால் போகச் சொன்னார். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். மறுபடி பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.”

சட்டப் பிரிவு எதையும் நீங்கள் குறிப்பிட வேண்டியதில்லை. தொட்டது, ஆபாசமாகப் பேசியது, சைகை காட்டியது ஒவ்வொன்றுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75, 79 என்று பிரிவுகள் உள்ளன. 1998ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். அந்தச் சட்டத்தில் முன்பு ஓராண்டு வரைதான் சிறை. 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதைத் திருத்தி முதல் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை, மறுபடி செய்தால் பத்தாண்டு வரை என்று உயர்த்தியது.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். “எங்க லிமிட் இல்ல” என்று திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் தொந்தரவுப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுப்பார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல நிலையங்களில் சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வந்தது என்பதற்கான சீட்டு மட்டுமே, வழக்குப் பதிவானதாக ஆகாது. “எஃப்.ஐ.ஆர். போடுவீங்களா, எப்போ?” என்று கேளுங்கள். முதற்கட்ட விசாரணை செய்ய வேண்டும் என்றால் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அடுத்து நீதித்துறை நடுவரிடம் போகலாம். பெண்ணை விசாரிக்க வேண்டும் என்றால் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும், பெரிய ஆளிடம் செல்லுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விழுப்புரம் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு அதற்குப் பதில். 2021 பிப்ரவரியில் முதல்வர் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் காருக்குள் தன்னிடம் அத்துமீறியதாகப் பெண் ஐபிஎஸ் அதிகாரி ஒருவர் புகார் சொன்னார். மறுநாள் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போகும் வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் அவர் காரை மறித்தார்கள். காக்கிச் சட்டை அணிந்த எஸ்.பி.யையே நடுரோட்டில் நிறுத்தி வைக்க முடிந்திருக்கிறது. அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. மறித்த அதிகாரிக்கு அபராதம் போட்டது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்ட அமர்வு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு அதற்கு மேலும் மேல்நீதிமன்றங்களுக்குப் போனது.

அந்த அதிகாரிக்கு இருந்த பதவி நமக்கு இல்லை. ஆனால் அவர் செய்த ஒன்றை நாமும் செய்யலாம்: உடனே சொன்னார். மறுநாளே புகாரோடு கிளம்பினார். நாள் ஆக ஆகச் சமாதானம் பேச ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வீட்டில்

வீட்டுக்குச் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் பெண்பிள்ளைகள் வாய் திறக்காததற்கு முதல் காரணம். பெற்றவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

பெண் வந்து சொன்னதும் “நீ ஏன் அந்த பஸ்ல போன?”, “துப்பட்டா எங்க?”, “அவன் உன்ன மட்டும் ஏன் பாக்குறான்?” என்று கேட்டால், அவள் அதற்குப் பிறகு எதையும் சொல்ல மாட்டாள். அடுத்த முறை இதைவிடப் பெரிதாக நடந்தாலும் சொல்ல மாட்டாள். “சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கும் நீ காலேஜுக்குப் போற. அவன என்னா பண்ணலாம்னு சேந்து யோசிப்போம்.” முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும். ஒரு வாரம் அம்மாவோ அத்தையோ கூடப் போய்வரலாம். பஸ் செலவுகூட இல்லை.

டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர் ஓர் ஆய்வு செய்தார். வழியில் தொந்தரவு குறைவு என்பதற்காகவே பல மாணவிகள் நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் சேர்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. தலைநகரத்திலேயே இப்படி என்றால், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தும் தபால் வழியில் படிக்க வைக்கப்பட்ட பெண்களை நம் ஊர்களில் தேட வேண்டியதே இல்லை. அடுத்த தெருவில் இருப்பார்கள். சம்பவம் நடந்த ஆறு மாதத்தில் கல்யாணம் முடித்து அனுப்பப்பட்டவர்களும் இருப்பார்கள்.

அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு சொல். போய் அடித்துவிட்டு வந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். அவளுடைய புகாரை வாபஸ் வாங்கினால்தான் உன் மேல் உள்ள வழக்கைப் போகவிடுவோம் என்று பேரம் தொடங்கும். இந்தப் பகுதியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவன் என்ன சாதி, இவள் என்ன சாதி என்று பேச்சு திரும்பி, ஒரு பெண்ணின் புகார் இரண்டு தெருக்களின் சண்டையாகிவிடும். பெரியவர்கள் உட்கார்ந்து சமரசம் பேசும்போது அவள் பெயரே அதில் இருக்காது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். புகார் அந்த ஒரு ஆளின் மேல்தான், அவன் சாதிக்காரர்கள் எல்லோர் மேலும் இல்லை. பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணிடம் அந்தச் சமூகங்களைச் சேராத ஆண் இப்படி நடந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். மனுவில் சாதியைக் குறிப்பிட்டு, சான்றிதழ் நகலையும் இணைத்துவிடுங்கள்.

கிராம சபையில்

நிறுத்தத்தில் விளக்கு இல்லாததும், மாலை பஸ் போன பிறகு அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்துக்கிடப்பதும் ஊர்ப் பிரச்சினை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெண்கள் கூட்டமாகப் போனால்தான் பேச விடுவார்கள். குழுவில் முதல் நாளே பேசி, யார் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் விளக்குக் கம்பத்தைக் கேட்கட்டும், எந்த இடம் என்று அடையாளம் சொல்லி. ஒருவர் மாலை டவுன் பஸ் நேரத்தைக் கேட்கட்டும். கல்லூரி விடும் நேரத்தையும் கடை அடைக்கும் நேரத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். ஒருவர் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடித்துவிட்டு உட்காருகிறவர்களைப் பற்றிப் பேசட்டும். இதைப் பேச வயதான அம்மா ஒருவர் இருந்தால் நல்லது, அவரை யாரும் அடக்க மாட்டார்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலை வாங்கி, பஸ் நேரத்துக்கான மனுவோடு இணைத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபையில் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.